கெபித் திருவிழாவுக்கு ஒரு சிடி

1

நைனா தானாகப் போன் செய்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். சந்தில் யாராவது இறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஹாம்பர்கிலிருந்து நான்தான் கூப்பிடுவேன். ராயபுரத்தில் அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஜூலையில் ஒரு வேலை நாள். கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் கணக்குப் பார்க்கிறேன். மேசையில் இருந்த போனில் நைனாவின் நம்பரைப் பார்த்ததும் எழுந்து வராந்தாவுக்கு ஓடினேன். யாரும் சாகவில்லை, பயப்படாதே என்று அவரே முதலில் சொல்லிவிட்டார். அப்படியானால் இரண்டாவதுதான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

விஷயம் ஒன்றுமில்லை என்றார். செப்டம்பரில் கெபித் திருவிழா வருகிறது, ஒரு போட்டோ சிடி அனுப்பு, இரண்டு வருஷமாக நீ அனுப்பவில்லை, சந்தில் கேட்கிறார்கள் என்றார். அனுப்புகிறேன் என்றேன். மாப்பிள்ளை நன்றாக இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். பிறகு மழை, மீன் விலை, எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரி என்று ஒரு சுற்று பேசிவிட்டு, போனை வைக்கும் சமயத்தில் மறுபடியும் அதையே கேட்டார்.

"மாப்ள நல்லாத்தானே கீறாரு?"

ஒரே கேள்வியை ஒரே போனில் இரண்டு தரம் கேட்கிற ஆள் இல்லை அவர். அன்று மீதி நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இதைப் படிக்கிற உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. பிரகாஷும் நானும் பிரிந்து அப்போதே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் மியூனிக்கில் இருக்கிறார். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு மகள் மீராவைப் பார்க்க வருவார். சண்டை சச்சரவு எல்லாம் முடிந்து, காகிதத்திலும் முடிந்துபோன கதை. வீட்டில் இது என் தங்கை ஸ்டெல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் பிரிந்த அதே சமயத்தில்தான் அம்மா இறந்தாள். அம்மா போன பிறகு நைனாவுக்குச் சந்தில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மிஞ்சியது ஒன்றுதான்: பெரிய பெண் வெளிநாட்டில் புருஷன், குழந்தை என்று குடும்பமாக இருக்கிறாள். அதையும் அவரிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில், பொய் தன்பாட்டுக்கு வளர்ந்துவிட்டது.

2

இந்தக் காலத்தில் சிடியா என்று கேட்பீர்கள். மீராவும் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. சிடி என்பதைக் கண்ணால் பார்த்த ஞாபகமே இல்லை.

நைனாவிடமும் டச் போன் இருந்தது. ஒரு நாள் வீடியோ காலில் போலீஸ் உடுப்புப் போட்ட ஒருவன் வந்து, உன் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, கேஸ் ஆகிவிட்டது என்று இந்தியில் மிரட்டியிருக்கிறான். ஹார்பரில் முப்பது வருஷத்துக்கு மேல் மூட்டை இறக்கியவருக்குப் பார்சல் என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வரும். போனை வைத்துவிட்டார், பணம் எதுவும் போகவில்லை. ஆனால் அன்றோடு டச் போனை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, பட்டன் போன் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் டீக்கடையில் யாரோ, இப்போதெல்லாம் ஒருத்தர் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது என்று சொல்லிவைத்தார்கள். ஸ்டெல்லா தன் போனில் என்னை வீடியோவில் காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அது ஜெசிதான் என்று என்ன நிச்சயம் என்று கேட்டாராம்.

ஆக, மிஞ்சியது சிடி. பர்மா பஜாரில் எப்போதோ வாங்கிய டிவிடி பிளேயர் ஒன்று வீட்டில் இருக்கிறது. அவர் அதை டெக்கு என்பார். அதற்கு இணையாக ஒரு பழைய குண்டு டிவி. கடல் உப்புக் காற்றில் டெக்கின் பென் டிரைவ் ஓட்டை துருப்பிடித்து அடைந்துவிட்டது. சிடி போடுகிற தட்டு மட்டும் இன்னும் ஒழுங்காக வெளியே வந்து உள்ளே போகிறது. தன் கையால் போட்டு, தன் ரிமோட்டால் ஓட்டினால்தான் அவருக்கு நம்பிக்கை.

எங்கள் சந்து முனையில் ஒரு மாதா கெபி இருக்கிறது, குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சிலை வைத்த சின்னக் கோயில். செப்டம்பரில் அதற்குச் சந்துக்காரர்களே திருவிழா எடுப்பார்கள். ஜெபமாலை முடிந்து, பொங்கல் கொடுத்து முடித்ததும், எங்கள் வீட்டு டிவியை நாலு பேர் தூக்கிவந்து வாசலில் ஸ்டூல்மேல் வைப்பார்கள். கப்பலில் போன பிள்ளை, துபாய் போன மருமகன், யார் வீட்டிலிருந்து சிடி வந்திருந்தாலும் அன்றைக்குத்தான் போடுவது. வீட்டுக்கு வீடு போன் வந்த பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. போனில் பார்த்தால் ஒருத்தர் பார்க்கலாம், டிவியில் போட்டால் சந்தே பார்க்கலாம்.

எனக்கு இப்போது அதுதான் பயம். சந்தே பார்க்கும். அதில் பாதிப் பேர் என் கல்யாணத்துக்கு வந்து பிரியாணி சாப்பிட்டவர்கள்.

3

முதலில் ஸ்டெல்லாவைத்தான் பிடித்தேன். அவள் கல்யாணமாகி விம்கோ நகரில் இருக்கிறாள். வாரம் ஒரு தரம் மெட்ரோ ஏறி வந்து நைனாவுக்குத் துணி துவைத்து, மீன் குழம்பு வைத்துவிட்டுப் போவாள். துணி அலசும்போது வாய் சும்மா இருந்திருக்குமா என்பது என் கேள்வி.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. நீ வேணா வந்து அவராண்டயே கேளு" என்றாள்.

அவள் இவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. எதற்கெடுத்தாலும் பத்து வார்த்தை திருப்பிச் சொல்கிறவள், அன்று இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு நாள் அவள் மெசேஜுக்குப் பதில் போடவில்லை. பிறகு, எனக்கு இங்கே பேச இருப்பதே அவள் ஒருத்திதான் என்பது நினைவுக்கு வந்து, நானே கூப்பிட்டுச் சமாதானம் ஆனேன். சந்தேகம் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டில் சந்தேகம் குடும்பச் சொத்து. பால்காரர் முதல் பங்குச் சாமியார் வரை நைனா சந்தேகப்படாத ஆள் கிடையாது. அம்மாவின் பொறுமை ஸ்டெல்லாவுக்குப் போனது, நைனாவின் கண் எனக்கு வந்தது.

4

நான் வேலைக்குப் பயன்படுத்தும் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. இப்போது வருகிற எதிலும் இல்லை. வெற்று சிடி வாங்கப் போன பெரிய கடையில், இருபது வயதுப் பையன் ஒருவன் என்னை அழைத்துப் போய்ப் பாட்டு சிடிகள் இருக்கும் அலமாரியைக் காட்டினான். எழுதாத சிடி வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். எழுதாததை எதற்கு வாங்குகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான். கடைசியில் ஓர் ஓரத்தில் தூசியோடு கிடந்தது.

என் ஜெர்மன் இவ்வளவுதான். பிரகாஷ் போன புதிதில் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கணவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சொல் கூடிப்போய், கணவர் துணியைக் கழற்றிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குப் போனார். பக்கத்தில் இருந்த மீராதான் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும், இனிமேல் நான் பேசுகிறேன் அம்மா என்றாள். அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவள்தான் எனக்கு வாய். என் பிரிவின் அத்தனை விவரங்களும், என் மகள் வாய் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போயின. தமிழ் அவளிடமிருந்து ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்துகொண்டிருக்கிறது. தாத்தாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்ற இரண்டு வாக்கியத்தோடு போனை என்னிடம் நீட்டிவிடுவாள்.

நிலவறையில் பிரகாஷின் பழைய லேப்டாப் கிடந்தது. சிடி போடும் தட்டு அதில் இருந்தது. எங்கள் பழைய போட்டோக்களும் அதில்தான் இருந்தன. தூசி தட்டி, மேலே கொண்டுவந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் மீரா நீச்சலுக்குப் போயிருந்தபோது உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன்.

5

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

நைனாவின் ஹார்பர் கேங்கில் பெஞ்சமின் மாமா என்று ஒருவர் இருந்தார். ஏதோ கப்பல் மாலுமியிடம் ஒரு கேமரா வாங்கி வைத்திருந்தார். கேங்கில் யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டு ஞானஸ்நானம் என்றாலும் அவர்தான் போட்டோ எடுப்பார். தலையில் துண்டு கட்டி, கப்பல் தளத்தில் வரிசையாக நிற்கும் கேங்கின் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் எல்லோரும் இருக்கிறார்கள். எடுத்த பெஞ்சமின் மாமா மட்டும் இல்லை. ஒரு மழை நாளில் கயிறு நழுவி மூட்டைகள் அவர்மேல் விழுந்தன. சவப்பெட்டியின் தலைமாட்டில் வைக்கவும், சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரு போட்டோ வேண்டும் என்று தேடினார்கள். ஊர் முழுக்க அவர் எடுத்த போட்டோக்கள் இருந்தன. அவர் இருக்கும் போட்டோ ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஹார்பருக்குள் போக வைத்திருந்த பாஸ் அட்டையில் இருந்த படம் வேர்வையில் ஊறி முகமே இல்லாமல் போயிருந்தது. போட்டோ இல்லாமலேதான் அவரை அடக்கம் செய்தார்கள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம். ஒரு போட்டோ எடுத்தால், எடுத்தவர் போய் நிற்கவேண்டும். நின்றவர்களில் ஒருவர் வந்து அதே இடத்தில் இன்னொன்று எடுக்கவேண்டும். அதற்குப் பெயர் இரண்டாவது படம். எங்கள் ஆல்பத்தில் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கும். ஒன்றில் நைனா இருக்கமாட்டார், அடுத்ததில் அம்மா இருக்கமாட்டாள். பிலிம் ரோல் பாதியிலேயே தீர்ந்துபோகிறது என்று அம்மா சலித்துக்கொள்வாள். ஆனால் அவளும் மீறியதில்லை.

ஹாம்பர்கிலும் அதைச் செய்தோம். நான் எடுப்பேன், பிறகு பிரகாஷ் எடுப்பார். ஏன் இப்படி எல்லாவற்றையும் இரண்டு தரம் என்று அவருக்கு முதலில் எரிச்சல். பிறகு பழகிக்கொண்டார். நாங்கள் அனுப்பிய பழைய சிடிகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. ஒரே தேவாலயத்தை ரெண்டு தபா பாக்கணுமா என்று சந்தில் கிண்டல் செய்வார்களாம்.

6

பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, நைனாவின் கண்ணால் ஒவ்வொரு படத்தையும் சோதித்தேன். திருட்டுச் சரக்குக் கடத்துகிறவள்கூட அவ்வளவு யோசித்திருக்கமாட்டாள்.

பிரகாஷ் வேண்டும். ஆனால் பிரகாஷும் மீராவும் சேர்ந்து நிற்கும் பழைய படம் எதையும் வைக்க முடியாது, அவள் வளர்ந்துவிட்டாள். ஆகவே பிரகாஷ் தனியாக இருக்கும் படங்களாகப் பொறுக்கினேன். சமையலறையில் தோசை ஊற்றும் பிரகாஷ், ஜன்னல் ஓரம் பிரகாஷ், பனியில் வண்டியைத் துடைக்கும் பிரகாஷ். சுவரில் காலண்டர் தெரிகிற படத்தைத் தள்ளினேன். நைனா தைத்து அனுப்பிய நீலச் சட்டை புதிதாக இருக்கும் படத்தைத் தள்ளினேன், இந்நேரம் அது நைந்திருக்கவேண்டும். இவற்றுக்கு இடையிடையே மீராவின் புதிய படங்களைக் கோத்தேன்.

அடுத்தது நான். பிரகாஷ் போன பிறகு நான் கூந்தலைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டேன். பழைய படங்களில் எனக்கு இடுப்புவரை பின்னல். பழைய பின்னலை நேற்றைய படம் என்று அனுப்பினால், ஒரு நாள் நான் ஊருக்குப் போய் நிற்கும்போது மாட்டிக்கொள்வேன். அதனால் பின்னலோடு நான் இருக்கும் படங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். புதிய படங்களில் நான் எங்கேயும் இல்லை. எடுப்பது நான்தானே.

ஒன்றே ஒன்றில் இருந்தேன். இந்த ஏப்ரலில் மீராவுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கோயில் வாசலில் எல்லாக் குழந்தைகளும் மெழுகுவர்த்தியோடு நிற்க, இன்னொரு குழந்தையின் அப்பா எடுத்து அனுப்பிய படம். பிரகாஷுக்கு அன்று வரமுடியவில்லை. மழை பெய்ததால் நான் கோட்டின் தொப்பியைத் தலைக்குமேல் இழுத்துவிட்டு வலது ஓரத்தில் நின்றிருந்தேன். முடி தெரியவில்லை. அதைச் சேர்த்தேன். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால், அவர்தான் எடுத்தார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பின்னணிக்கு அம்மாவுக்குப் பிடித்த மாதா பாட்டு ஒன்றைச் சேர்த்தேன். படத்துக்குப் படம் மெதுவாகக் கரைந்து மாறும்படி செய்தேன். லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தபோது எனக்கே கொஞ்ச நேரம் நாங்கள் மூவரும் ஒன்றாக இருக்கிறோம் என்று தோன்றிவிட்டது. மூடிவைத்துவிட்டு அழுதேன். மீரா வருவதற்குள் முகம் கழுவிக்கொண்டேன்.

7

அனுப்பிய சிடி போய்ச் சேர மூன்று வாரம் ஆயிற்று. நைனா டெக்கில் போட்டார். ஓடவில்லை.

தட்டு உள்ளே போகிறது, கொஞ்ச நேரம் சுற்றுகிறது, வெளியே துப்பிவிடுகிறது என்று ஸ்டெல்லா சொன்னாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் லேப்டாப்பில் ஓடியது அங்கே மட்டும் ஏன் ஓடாது? ஓடியிருக்கிறது, நைனா பார்த்துவிட்டார், ஓடவில்லை என்று சொல்லி இன்னொன்று அனுப்பச் சொல்கிறார் என்று என் புத்தி போயிற்று. இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். முதலில் வந்த படம் அடுத்ததில் இல்லையென்றால் பிடித்துக்கொள்வார். போலீஸ்காரர்கள் இப்படித்தான் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்.

ஸ்டெல்லா சிடியை எடுத்துக்கொண்டு திருவொற்றியூரில் கல்யாண வீடியோ செய்கிற ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, எழுதியவர்கள் கடைசியில் ஃபைனலைஸ் பண்ணவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள் என்றாராம். எழுதி முடித்ததும் சிடியை மூடவேண்டும். மூடாத சிடி எழுதின கம்ப்யூட்டரில் ஓடும், வீட்டு டெக்கில் ஓடாது. பழைய சிடிகளை எல்லாம் பிரகாஷ் எழுதியதால் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. நைனாமேல் நான் கட்டிய கேஸ் அதோடு தள்ளுபடி ஆயிற்று.

இரண்டாவது தரம் முறையாக மூடினேன். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஜெர்மன் அம்மாளிடம் ஒரு டிவிடி பிளேயர் இருந்தது. அவருடைய பெரிய ஃப்ளாட் டிவியில் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக ஓடியது. புதுநன்மைப் படத்தில் ஓரத்தில் நான் நிற்பதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. அந்த அம்மாள் பிரகாஷைக் காட்டி, திரும்பி வந்துவிட்டாரா என்று கேட்டார். இல்லை, அப்பாவுக்காக என்றேன். அவர் காபி போட எழுந்து போனார்.

தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்பினேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள். குடும்பப் படங்கள் என்றேன். எவ்வளவு பெறும் என்று கேட்டார்கள். ஒன்றும் பெறாது என்றேன். அப்படி எழுத முடியாதாம், ஏதாவது ஒரு விலை போடவேண்டுமாம்.

8

திருவிழா அன்று இங்கே ஞாயிறு மாலை, அங்கே இரவு. மீரா மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் சிங்க்கில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் கழுவாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா முதலில் ஒரு மெசேஜ் போட்டாள். சிடி நன்றாக ஓடியது, எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் குண்டு டிவி என்பதால் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டுத் தெரிகிறது, கோயில் படத்தில் ஓரத்தில் நிற்கிறவர்களைக் காணோம்.

பழைய டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் தின்றுவிடும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அந்த ஓரத்தில்தான் நான் நின்றிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் நைனாவே கூப்பிட்டார். பின்னால் ஸ்டூல் இழுக்கும் சத்தமும், யாரோ பொங்கல் கேட்கும் சத்தமும் இருந்தன. குழந்தை நன்றாக வளர்ந்துவிட்டாள், வெள்ளைக் கவுனில் உன் அம்மா மாதிரியே இருக்கிறாள் என்றார். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பாடுபட்டு அந்த மனிதரை வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தைகூட இல்லையா என்று நினைத்தேன். பிறகு ஸ்டெல்லாவை டீ வாங்கிவர அனுப்பினார். உள்ளே போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"ஜெசி, புதுநன்மை படத்த யாரு எடுத்தா?"

"அவர்தான் நைனா."

"அப்ப ரெண்டாவது படம் எங்கம்மா?"

நான் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். சட்டைக்கு, காலண்டருக்கு, மீராவின் உயரத்துக்கு. இதற்கு வைத்திருக்கவில்லை. சிடியில் இடம் பற்றவில்லை என்று சொன்னேன்.

"மாப்ளக்கி அத்தினி எடம் கீது. உனக்கு ஒரு எடம் இல்லியா?" என்றார். "மொத்த சிடியும் ரெண்டு தபா ஓட்டிப் பாத்துட்டேன். நீ எங்கியும் இல்ல. உன்ன எடுக்க அங்க ஆளு இல்லியாம்மா?"

மாப்பிள்ளை போய் எவ்வளவு நாளாகிறது என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றேன். ஸ்டெல்லாமேல் சந்தேகப்பட்டது, சிடியை மூடாமல் விட்டது, பின்னலைப் பார்த்துப் பார்த்து எடுத்துப்போட்டது எல்லாம் ஒரேயடியாக நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட்டதற்கு மன்னித்துக்கொள் நைனா என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குமேல் அவர் என்னைச் சொல்ல விடவில்லை.

"அயுவாத. ரெண்டு வருசமா உன் மூஞ்சி எப்டி கீதுன்னே எனக்குத் தெர்ல. போன கொயந்தையாண்ட குடு."

கொடுத்தேன். வழக்கமாக இரண்டு வாக்கியத்தோடு திருப்பித் தருகிறவள், அன்று வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் இரண்டு தரம் சரி தாத்தா என்றாள். அவருடைய பேச்சில் பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. போனை வைத்ததும் அவளே என் போனில் கேமராவைத் திறந்தாள்.

"அம்மா, நில்லு. தாத்தா எடுக்கச் சொன்னாரு. அழுதாலும் பரவாயில்லையாம்."

கண் வீங்கி, வெட்டிய முடி கலைந்து, பின்னால் கழுவாத பாத்திரங்களோடு நின்றேன். மீரா எடுத்த படத்தில் என் தலையில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. இன்னும் ஒன்று எடுக்கச் சொன்னேன், டிவி ஓரத்தைத் தின்னும், கொஞ்சம் தள்ளி நின்று எடு என்றேன். தள்ளிப்போய் எடுத்தாள்.

போனை வாங்கி உள்ளே வைக்கப் போனேன். அவள் என் கையிலேயே திணித்துவிட்டு, சிங்க்குக்கு முன்னால் நான் நின்ற அதே இடத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எடுத்தவங்க நிக்கணும், அதையும் தாத்தா சொன்னார் என்றாள்.

அந்த வாரம் இன்னொரு சிடி எழுதினேன். பாட்டு இல்லை. அதில் இரண்டே படங்கள். முதலாவதில் நான் இருக்கிறேன், மீரா இல்லை. இரண்டாவதில் மீரா இருக்கிறாள், நான் இல்லை. மறக்காமல் மூடி அனுப்பினேன்.